பாதி டம்ளர்

பதின்மூன்றாம் வீடு.
ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் போகும் சாலையில்
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்குக்குப் பின்னால்.
பெயர்: சுகிர்தா. வயது: நாற்பத்தொன்று.
தொழில்: காப்பிக் கிடங்கில் கணக்கு.
குடும்பத் தலைவர்: 'நான்தான்.'
மதம்?
'விக்கா.'

எதை விக்கணும், வீட்டையா என்றேன்.
சிரிக்காமல் எழுத்துக்கூட்டினாள்.
கைபேசியில் பட்டியலை இழுத்தேன்.
அடிவரை போயும் அந்தப் பெயர் இல்லை.

முந்தைய பன்னிரண்டு வீடுகளிலும்
கேட்காமலே சொல்லியிருந்தார்கள்:
பௌர்ணமிக்குப் பௌர்ணமி கொல்லையில் விளக்கு,
கறுப்புப் பிடி போட்ட கத்தி,
பெருமாயி வீட்டு ஆட்டுக்குட்டி செத்தது அவளால்.
சபைக்குப் போகும் எட்வின், சாத்தான் என்றார்.
மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி,
'வெளிநாட்டுச் செய்வினை சார்,
நம்ம எலுமிச்சம்பழம் எடுபடாது.'

ஆட்டுக்குட்டி? கேட்டேவிட்டேன்.
'அது கழிச்சல். மாட்டு டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன், கேக்கல.
மூணு வருஷம் முன்னாடி பெருமாயி வந்தா,
மருமக வாய் கட்டணும்னு.
மாட்டேன்னேன். அடுத்தவங்களுக்குக் கெடுதல்
எங்க வழியில கிடையாது.
அன்னைக்கிருந்துதான் நான் சூனியக்காரி.
செஞ்சு குடுத்திருந்தா அக்கான்னு கூப்பிட்டிருப்பா.'

கத்தி?
எடுத்துவந்து காட்டினாள். வெண்ணெயும் வெட்டாத முனை.
'காத்துல வட்டம் போட. அவ்வளவுதான்.'
சாத்தான்?
'அவர் எட்வின் அண்ணன் புத்தகத்துல இருக்கறவர்.
எங்களுக்கு ஒரு அம்மன், கொம்பு வெச்ச சாமி ஒண்ணு.'
கொம்பு என்றதும் என் விரல் நின்றது.
'காட்டெருமைக்கும்தான் இருக்கு சார்.'

பிறகு தன் ஆட்கள் மேலேயே பாய்ந்தாள்.
தீட்சை வாங்காதவள் விக்காவே இல்லையாம், பெங்களூர்க்காரி சொல்கிறாள்.
தனியாக மெழுகுவத்தி ஏற்றினாலே போதுமாம், கோவையில் ஒருவர்.
பத்தாயிரம் வருஷத்துப் பழசு என்று இன்னொரு கோஷ்டி.
'பச்சைப் பொய். எங்கப்பா சிலேட்டு தூக்கிட்டுப் போன காலத்துலதான்
வெளிய வந்துச்சு. இளசுன்னு சொல்ல என்ன வெட்கம்?'
அங்கே பனி கொட்டும் திருநாளில்
இங்கே பழம் பறிப்பு. எதை எப்போது கும்பிடுவது?
காப்பி பூக்கும் வாரத்தை இவள் எடுத்துக்கொண்டாள்.
அது தப்பு என்கிறதாம் பெங்களூர்.

'சேலம்னு எழுதினா கடல் தாண்டி இருக்கறவங்க பதறுவாங்க.
பொம்பளைங்களைத் தூக்குல போட்ட ஊர் ஒண்ணு
அதே பேர்ல இருக்காம்.
இல்லைங்க, இது மாம்பழம், ஜவ்வரிசி, கொலுசுன்னு பதில் போடுவேன்.'
சொல்லிக்கொண்டே கூரையில் உடைந்த ஓட்டைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
எப்படி உடைந்தது என்று கேட்க
என் படிவத்தில் கட்டம் இல்லை.

மேற்பார்வையாளரை அழைத்தேன்.
'சுகிர்தான்னா கிறிஸ்டியன், போட்டுட்டு வாங்க.'
அம்மன் உண்டு என்கிறார்களே சார்.
'அப்போ இந்து. இதுக்கெல்லாமா போன்?'

வைத்ததும் எனக்கு விக்கல் எடுத்தது.
'பேரைச் சொன்னதும் வந்துருச்சு பாருங்க'
என்று முதல்முறை சிரித்தாள்.
எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர்.

நான் கணக்கு வாத்தியார்.
பேய் பிசாசு நம்பாதவன்,
பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்துகிறவன்.
தண்ணீரை முகர்ந்தேன்.
அவள் பார்த்துவிட்டாள்.

பாதி குடித்தேன்.
'மற்றவை' தட்டி, மூன்று எழுத்தையும்
பிழையில்லாமல் ஏற்றினேன், ஏதோ பரிகாரம் போல.
மீதியை ஜெரேனியத் தொட்டியில் ஊற்றி
டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

பதினான்காம் வீட்டுக் கதவைத் தட்டும்வரை
விக்கல் நிற்கவில்லை.